முகம் விழ வேண்டும்: மத உடை பற்றிய தப்பெண்ணத்துக்கு எதிராக உருவப்படம் எடுக்க முழுமையான வழிகாட்டி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மருந்துக்கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கும் பெண் ஹிஜாப் போட்டிருப்பார். பறங்கிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர், மருந்தாளுநர் படிப்பு முடித்தவர். ஒரு நாளைக்கு இரண்டு பேராவது "தமிழ் தெரியுமாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் டாக்டர் சீட்டை நீட்டுவார்கள். அவர் பதில் சொன்னதும் "அட, நல்லா தமிழ் பேசுறியே!" என்று பாராட்டு வேறு. உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடியபோது அவரைத் தாங்கிப் பிடித்த அபுல் காசிம் மரைக்காயர் இந்தப் பெண்ணின் ஊர்க்காரர். அந்த ஊர்ப் பெண்ணிடம்தான் தமிழ் தெரியுமா என்று கேட்கிறோம். கேட்கிறவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. துணியைப் பார்த்ததும் அவர்கள் கண் அங்கேயே நின்றுவிடுகிறது, முகம் வரைக்கும் போவதில்லை.

நான் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எடுத்துப் பிழைக்கிறவன். முகத்தைக் காட்டுவதுதான் என் தொழில். அதனால் இந்தக் கோளாறைச் சரி செய்வதில் என் தொழிலுக்கும் பங்கு உண்டு என்று நம்புகிறேன். சில வருடங்களாகக் கடலூரிலும் புதுச்சேரியிலும் மத உடை அணிகிறவர்களை உருவப்படம் எடுத்து வருகிறேன். அதில் கற்றதை, செய்த தப்புகளோடு சேர்த்து, வரிசையாகச் சொல்கிறேன். நல்ல கேமரா இல்லாதவர்களும் செய்யலாம். போன் போதும்.

முதலில், என் முதல் படம் ஏன் தோற்றது

புதுச்சேரி கடற்கரையில், விடியற்காலையில், புர்கா அணிந்த ஒரு பெண்ணை எடுத்தேன். பின்னால் சூரியன், காற்றில் துணி பறக்கிறது, முழுக்க நிழலுருவம். பார்த்த எல்லோரும் "கவிதை மாதிரி இருக்கு" என்றார்கள். படத்தை அந்தப் பெண்ணிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. வடலூர்ப் பக்கம் வள்ளலாரைப் பற்றி ஒன்று சொல்வார்கள். அவரைப் படம் பிடிக்க எத்தனையோ முறை முயன்றும் அவர் போர்த்தியிருந்த வெள்ளாடை மட்டுமே விழுந்ததாம், உருவம் விழவில்லையாம். அது அவருடைய அருள் என்று அடியார்கள் நம்புகிறார்கள். ஆனால் என் படத்தில் ஒரு பெண்ணின் உருவம் விழாமல் துணி மட்டும் விழுந்ததற்கு நான்தான் காரணம். துணியின் அழகைத்தான் நான் எடுத்திருந்தேன். 2022 பிப்ரவரியில் கர்நாடகக் கல்லூரிகளில் ஹிஜாப் தகராறு நடந்தபோது டிவியில் ஓடிய படங்களை நினைத்துப் பாருங்கள். கூட்டமாக நடந்து போகும் பெண்களின் முதுகுகள். அந்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் 2022 அக்டோபர் 13 அன்று இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்ன நாளிலும் அதே மாதிரிப் படங்கள்தான். நான் எடுத்ததும் அந்த வகையில் ஒன்று, கொஞ்சம் அழகாக.

எந்த எண்ணத்தோடு மோதப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்

"தப்பெண்ணத்தை உடைப்பது" என்று பொதுவாக ஆரம்பித்தால் படமும் பொதுவாகத்தான் வரும். நீங்கள் காதால் கேட்ட வாசகத்தை அப்படியே ஒரு நோட்டில் எழுதுங்கள். என் நோட்டில் இருப்பவை சில: "தமிழ் தெரியுமா?" "வீட்ல கட்டாயப்படுத்துறாங்களா?" "இந்த வெயில்ல எப்படிம்மா?" கன்னியாஸ்திரிகளிடம்: "லவ் ஃபெயிலியரா சிஸ்டர்?" முன்குடுமி வைத்த சிதம்பரத்து இளம் தீட்சிதர் பைக்கில் போகும்போது பின்னால் கேட்கும் சிரிப்பு. வாடகைக்கு வீடு கேட்டுப் போன தொப்பி வைத்த பையனிடம் வீட்டுச் சொந்தக்காரர் சொன்னது: "வீடு இப்பதான் முடிஞ்சுது பாய்."

ஒரு படம் ஒரு வாசகத்தோடு மோதினால் போதும். எல்லாவற்றுக்கும் ஒரே படத்தில் பதில் சொல்லப் போனால் அது விளம்பரத் தட்டி ஆகிவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஹிஜாப், கன்னியாஸ்திரி முக்காடு, ஐயப்ப சாமியின் கறுப்பு வேட்டி, மேல்மருவத்தூர்ச் செவ்வாடை எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி "எல்லாம் ஒன்றே" என்று காட்ட ஆசை வரும். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் உண்மை இருக்காது. மாலை போட்டு 41 நாள் கறுப்பு வேட்டியோடு ஆபீஸ் போகிறவரை மேலதிகாரியே "சாமி" என்று கூப்பிடுகிறார். அதே கறுப்பு ஹிஜாபாக வந்தால் அந்த மரியாதை கிடைப்பதில்லை. நான் இரண்டையும் எடுக்கிறேன். ஆனால் ஆளுக்கு ஆள் கொடுக்கும் விலை வேறு என்பதை மறைக்கிற மாதிரி வரிசைப்படுத்துவதில்லை.

ஆளைத் தேடுவது: கேமரா இல்லாமல் மூன்று முறை

முதல் தடவை போகும்போது கேமராவை எடுத்துப் போகாதீர்கள். கடைக்குப் போனால் ஏதாவது வாங்குங்கள், பேசுங்கள். இரண்டாவது தடவை ஏற்கெனவே எடுத்த படங்களை அச்சிட்டுக் கையில் கொடுங்கள். போனில் காட்டினால் விரலால் தள்ளிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அட்டையில் கொடுத்தால் வெளிச்சத்துக்கு நகர்ந்து நின்று பார்ப்பார்கள். மூன்றாவது தடவை கேளுங்கள். "யோசிச்சுச் சொல்றேன்" என்றால் அது பெரும்பாலும் "வேண்டாம்"தான். விட்டுவிடுங்கள்.

பெண்களை எடுக்கும்போது பெண் உதவியாளர் இருந்தால் நல்லது. என் மனைவி வருவாள். பல வீடுகளில் நான் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்க, முக்கால்வாசிப் பேச்சு உள்ளே அவளோடு முடிந்துவிடும். கன்னியாஸ்திரிகளுக்கு மடத்துத் தலைவியின் அனுமதி தேவைப்படும். அதைத் தாண்டிக் குறுக்கு வழியில் போனால் அந்த சிஸ்டருக்குத்தான் சிக்கல். புதுச்சேரியில் முஸ்லிம்கள் வாழும் முல்லா வீதிப் பக்கம் எடுப்பதாக இருந்தால் அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அது அனுமதிக்காக அல்ல. தெருவில் கேமரா நின்றால் யாருக்கும் பதற்றம் வரக் கூடாது, அதற்காக.

கூப்பிடும் முறையிலும் கவனம் வேண்டும். தெரியாத முஸ்லிம் பெரியவரை "பாய்" என்பது நமக்குப் பழக்கம். சிலருக்கு அது பிடிக்கும், சிலருக்கு "ஐயா" போதும். அவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.

சம்மதத் தாள்

வாய்ச் சம்மதம் போதாது. 2021 ஜூலையில் ஒன்று, 2022 புத்தாண்டன்று ஒன்று என்று இரண்டு செயலிகள் வந்தன. முஸ்லிம் பெண்களின் படங்களை அவர்களுடைய சமூக வலைத்தளக் கணக்குகளிலிருந்தே திருடி, "ஏலம்" என்று போட்டு அவமானப்படுத்தினார்கள். நீங்கள் நல்ல எண்ணத்தோடு இணையத்தில் ஏற்றும் படம் அந்த மாதிரிக் கைகளுக்கும் போகும். இதைப் படம் எடுக்கப்படுகிறவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்டுவிட்டு அவர் மறுத்தால், அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது.

தாளைத் தமிழில், பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில் வையுங்கள். என்னுடையது இப்படி இருக்கும்:

"இந்தப் படம் அச்சிட்டு மாட்டுவதற்கு: சம்மதம் / இல்லை.
இணையத்தில் போடுவதற்கு: சம்மதம் / இல்லை.
என் பெயர் போடலாம் / போடக் கூடாது. என் ஊர், வேலை இடம் போடலாம் / போடக் கூடாது.
எந்தப் படம் என்பதை நான்தான் தேர்ந்தெடுப்பேன்.
எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடச் சொல்லலாம். காரணம் சொல்லத் தேவையில்லை."

இரண்டு பிரதி எடுத்து ஒன்றை அவரிடம் கொடுங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும், பிள்ளையின் விருப்பமும் வேண்டும். பள்ளிச் சீருடையோடு எடுக்காதீர்கள், பள்ளி தெரிந்துவிடும். இணையத்தில் ஏற்றும் முன் கோப்பில் பதிந்திருக்கும் இடக் குறிப்பை நீக்குங்கள். நீளப் பக்கம் 1200 பிக்சலுக்கு மேல் ஏற்றாதீர்கள். அச்சுக்குத் தகுந்த பெரிய கோப்பு உங்களிடமே இருக்கட்டும்.

உடையைத் தொடாதீர்கள், மாற்றச் சொல்லாதீர்கள்

ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். 1960இல் அல்ஜீரியாவில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த மார்க் கராஞ்சே என்ற இளைஞருக்கு மேலிடத்து உத்தரவு வந்தது: கிராமத்து மக்கள் எல்லோருக்கும் அடையாள அட்டைப் படம் எடு. பெண்களின் முக்காட்டை விலக்கச் சொன்னார்கள். பத்து நாளில் சுமார் 2000 படங்கள். அந்தப் பெண்கள் லென்ஸைப் பார்க்கிற பார்வையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கராஞ்சே பிற்பாடு அந்தப் பார்வையையே சாட்சியாக வைத்து அந்தப் போருக்கு எதிராக அந்தப் படங்களை வெளியிட்டார். புதுச்சேரிக்காரர்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. 1954இல் ஆட்சி இந்தியாவிடம் வந்தாலும் 1962 ஆகஸ்ட் வரை காகிதத்தில் நம் ஊர் பிரான்சுடையதுதான். நம்மவர்கள் பலர் அந்த ராணுவத்தில் வேலை பார்த்தவர்கள்.

எனவே "கொஞ்சம் துணியைப் பின்னால் தள்ளுங்களேன், முகம் தெரியட்டும்" என்ற பேச்சே வாயில் வரக் கூடாது. குண்டூசி, மடிப்பு, தொப்பியின் சாய்வு, நாமத்தின் கோடு எல்லாம் அவர்கள் கையால்தான் சரியாக வேண்டும். ஒரு கைக்கண்ணாடி எடுத்துப் போங்கள். மருந்துக்கடைப் பெண் கண்ணாடியை என் மனைவியிடம் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பல்லில் ஒரு குண்டூசியைக் கடித்துக்கொண்டு, தாடைக்குக் கீழே துணியை இரண்டு விரலால் இழுத்து, இன்னொரு ஊசியை ஒரே குத்தில் ஏற்றினார். காதோரம் துணி சற்றுத் தூக்கியிருந்தது. உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார், உட்கார்ந்துவிட்டது. எத்தனை ஆயிரம் தடவை செய்த வேலை அது! அப்போது நான் கேமராவைத் தொடவில்லை. தொட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் கல்யாணப் பெண்ணின் கொசுவத்தை ஒரு கையில் மடித்துச் செருகும் அத்தைமார்களின் வேகம் அதில் இருந்தது.

இடம், வெளிச்சம்

அவர் வேலை பார்க்கும் இடம்தான் முதல் தேர்வு. பள்ளிவாசல் முன்னால், சர்ச் மணிக்கூண்டு முன்னால் நிறுத்தினால் ஏற்கெனவே பார்த்த படம்தான் மறுபடி வரும். தையல் மெஷின், பேங்க் கவுன்டர், மீன் ஏலக்கூடம், டியூஷன் எடுக்கும் மாடி, இவை போதும். ஒரு தையல் கடையில் ஒரு நாள் முழுக்க இருந்தால் படம் தானாக வரும்.

வீட்டில் எடுப்பதென்றால் திண்ணை, அல்லது முற்றத்தை ஒட்டிய தாழ்வாரம். புதுச்சேரித் தமிழ் வீடுகளில் முற்றத்து வெளிச்சம் மேலிருந்து விழும், கண்குழியில் நிழல் கட்டும். ஆளை முற்றத்துக்குள் நிறுத்தாமல் இரண்டு அடி தள்ளித் தாழ்வாரத்தில் உட்கார வையுங்கள், வெளிச்சம் சாய்ந்து வரும். எதிரில் நாற்காலி மேல் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் போட்டால் தாடைக்குக் கீழே இருக்கும் நிழல் இளகும். கடற்கரையில் எடுத்தே ஆக வேண்டுமென்றால் சாயங்காலம் நாலரைக்கு மேல் போங்கள். சூரியன் ஊருக்குப் பின்னால், மேற்கே இறங்கும். கடற்கரைச் சாலைக் கட்டடங்களின் நிழல் மென்மையாக இருக்கும்.

இனி முக்கியமான விஷயம். கறுப்புத் துணியைப் பார்த்தால் கேமரா "இருட்டாக இருக்கிறது" என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டும். கறுப்பு சாம்பலாகும், முகம் வெளுக்கும். வெள்ளைத் துணிக்கு நேர் எதிர், கன்னியாஸ்திரியின் முகம் கருகிவிடும். கேமராவில் கறுப்பு உடைக்கு எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்), வெள்ளைக்கு அதே அளவு கூட்டுங்கள். இல்லாவிட்டால், ஒரு சின்ன இடத்து வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் கன்னத்தை அளந்துகொள்ளுங்கள். போனில் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் பூட்டிக்கொள்ளும், பிறகு சூரியப் படத்தை மேலே கீழே இழுத்துச் சரி செய்யலாம். கறுப்புத் துணியின் மடிப்பு தெரிய வெளிச்சம் பக்கவாட்டில் வர வேண்டும். நேராக ஃபிளாஷ் அடித்தால் மடிப்பு செத்து ஒரே கறுப்புப் பள்ளமாகிவிடும். அப்படித்தான் செய்திப் படங்களில் புர்கா ஒரு பூதம் மாதிரி தெரிகிறது.

போனின் சாதாரண லென்ஸில் கிட்டே போனால் மூக்கு பெருக்கும். இரண்டு மடங்கு ஜூமில் வைத்து நாலைந்து அடி தள்ளி நில்லுங்கள். கேமரா என்றால் 50 அல்லது 85 மிமீ லென்ஸ். போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிடுங்கள். தொப்பியின் வலைப்பின்னல், முக்காட்டின் ஓரம், குடுமியின் முடி எல்லாவற்றையும் அது கத்தரிக்கோல் போட்ட மாதிரி வெட்டிவிடும். கண் மட்டத்தில் எடுங்கள். மேலிருந்து எடுத்தால் பரிதாபமாகத் தெரிவார்கள், கீழிருந்து எடுத்தால் மிரட்டுகிற மாதிரி இருக்கும்.

எடுக்கும்போது

முதல் இருபது படம் எதற்கும் உதவாது. எடுத்துத் தள்ளுங்கள், இருவருக்கும் கூச்சம் போக அது வேண்டும். அப்புறம் கேமராவை இறக்கிவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். நான் கேட்பது "காலையில என்ன செஞ்சீங்க?" என்பது. உடையைப் பற்றிக் கேட்பதில்லை. அவராகப் பேசினால் கேட்டுக்கொள்வேன்.

கைகளைத் தனியாக எடுங்கள். உடையில் நின்றுவிட்ட கண்ணை நகர்த்துவதற்குக் கையைப் போல வேறெதுவும் உதவுவதில்லை. மருந்துக்கடைப் பெண் மாத்திரை அட்டையை வெட்டும்போது, எத்தனை மாத்திரை என்று கட்டைவிரலால் தடவி எண்ணுவார். அந்தப் படத்தைப் பார்த்த யாரும் தமிழ் தெரியுமா என்று கேட்கவில்லை. ஒரு பாட்டி, "இந்தப் பொண்ணு எனக்கு எப்பவும் ஒரு மாத்திரை கூட்டி வெட்டாது, கணக்கா குடுக்கும்" என்றார்.

முகத்தை மறைக்கும் நிகாப் அணிகிறவர்களை எடுப்பதில் எனக்குத் தெரிந்த எல்லோரும் வழுக்குகிறோம். கண்களை மட்டும் பெரிதாக எடுத்து "மர்மம்" என்போம். அது இரக்கமோ மோகமோ கலந்த பார்வை, தப்பெண்ணத்தின் மறுபக்கம். முழு உருவத்தை, அவர் உட்காரும் விதத்தை, புத்தகம் விரித்திருக்கும் மேசையை எடுங்கள். நான் எடுத்த ஒருவர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறவர். கரும்பலகை, சாக்பீஸ் தூள் படிந்த கறுப்பு முழங்கை, பாதி முடிந்த ஒரு சமன்பாடு. முகம் இல்லாமலே அவர் அதில் முழுசாக இருந்தார்.

"நல்லவர்" என்று நிரூபிக்கும் படம் வேண்டாம். கையில் தேசியக் கொடி, ஏழைக் குழந்தையை அணைத்த சிஸ்டர், ரத்ததானம் செய்யும் தொப்பிக்காரர். இவர்கள் நல்லவர்களாக இருந்தால்தான் நம் மரியாதை கிடைக்கும் என்றல்லவா அது சொல்கிறது? பல்லி விழுந்த சாம்பாரைப் பார்த்து முகம் சுளிக்கும் சிஸ்டரும், சீரியலுக்கு நேரமாச்சு என்று அவசரப்படும் ராத்தாவும் எனக்குப் போதும்.

இன்னொன்று. எல்லோரும் "என் விருப்பத்தோடு போடுகிறேன்" என்று சொல்வார்கள் என்று நினைக்காதீர்கள். ஒருவர் என்னிடம் "பழகிடுச்சு, அவ்வளவுதான்" என்றார். இன்னொருவர் வீட்டில் சண்டை போட்டுக் கழற்றி, பிறகு தானாகத் திரும்பப் போட்டவர். கட்டாயம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதை உங்கள் படத்துக்குச் செய்தியாக்காதீர்கள், அழகாக்கி மறைக்கவும் செய்யாதீர்கள். அந்தப் படம் வெளியே வர வேண்டுமா என்பது அவர் முடிவு.

வயதானவர்களிடம் பழைய படங்கள் இருக்கும், கேளுங்கள். கடலோர முஸ்லிம் ஊர்களில் அந்தக் காலத்துப் பெண்கள் சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டி போர்த்துவார்கள். துருக்கித் தொப்பி வைத்த தாத்தாக்களின் ஸ்டூடியோப் படங்களும் கிடைக்கும். உடை எப்போதும் ஒரே மாதிரி இருந்ததில்லை என்பதைப் பேத்தி பக்கத்தில் பாட்டி படத்தை வைத்தாலே காட்டிவிடலாம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடி எண்ணிமப் பிரதி எடுத்திருக்கிறார்கள். அந்த வேலையின் அருமை, கரையான் அரித்த ஓர் ஆல்பத்தை விரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

திருத்தம், தேர்வு, எழுத்து

தோலை வெளுக்காதீர்கள். கல்யாண ஆல்பப் பழக்கத்தில் கை தானாகப் போகும், தடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளை ஆக்காதீர்கள் என்பதும் என் கருத்து. ஹிஜாப் போட்ட பெண் கறுப்பு வெள்ளையில் உடனே சோகமாகிவிடுகிறார். அவருடைய துணி ஊதாவாகவோ மாம்பழ மஞ்சளாகவோ இருந்தது என்பதும் போய்விடும்.

பத்துப் படம் அச்சிட்டுக் கொடுத்து அவரையே ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். நமக்குப் பிடித்தது பெரும்பாலும் தேர்வாகாது. எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும், இருந்தாலும் அவர் எடுத்ததைத்தான் மாட்டுவேன்.

படத்துக்குக் கீழே அவர் பேசிய வாக்கியம் இரண்டு போதும், அவர் பேச்சுத் தமிழிலேயே. பறங்கிப்பேட்டைப் பேச்சைப் புத்தகத் தமிழாக்கினால் பாதி ஆள் காணாமல் போய்விடுவார். "இஸ்லாமியப் பெண்" என்று ஆரம்பிக்காதீர்கள். வேலையில் ஆரம்பியுங்கள்.

எங்கே மாட்டுவது

ஒயிட் டவுன் காபிக் கடைச் சுவரில் மாட்டினால் ஏற்கெனவே ஒத்துக்கொண்டவர்கள் வந்து பாராட்டுவார்கள். சந்தேகப்படுகிறவர்கள் நடமாடும் இடம் வேறு: டீக்கடை, சலூன், நூலக வாசல், கல்யாண மண்டப வரவேற்பு. மஞ்சக்குப்பத்தில் ஒரு சலூன்காரர் காத்திருக்கும் பெஞ்சுக்கு எதிரே இடம் கொடுத்தார். முடிவெட்ட வந்தவர்கள் இருபது நிமிடம் வேறு வழியில்லாமல் ஒரே முகத்தைப் பார்த்தார்கள். எந்தக் கண்காட்சியிலும் எனக்கு அப்படி இருபது நிமிடம் கிடைத்ததில்லை.

அளவு 12க்கு 18 அங்குலம், மேட் தாளில். பளபளப்புத் தாளில் டியூப்லைட் அடித்துக் கறுப்பு உடை கண்ணாடியாகிவிடும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 சென்டிமீட்டர் இருக்கட்டும். பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கும் இடமென்றால் 115க்கு இறக்குங்கள். சுவருக்குச் சொந்தக்காரரின் அனுமதியையும், அந்தச் சுவரில் தொங்கப் போகிறவரின் அனுமதியையும் தனித்தனியாக வாங்குங்கள். தேர்தல் நேரத்தில் மாட்டாதீர்கள்.

முதல் இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். யாராவது தப்பாகப் பேசினால் வாதாட வேண்டாம். "இவங்களப் பத்தி உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பலர் பேசத் தொடங்கி, நடுவில் தானாக நிறுத்திவிடுவார்கள். மிரட்டல் வந்தால், அது சின்னதாக இருந்தாலும், படத்தை அன்றைக்கே இறக்கி உரியவரிடம் சொல்லிவிடுங்கள். படத்தில் இருப்பவருக்கு வரும் ஆபத்தை நீங்கள் துணிச்சலாகத் தாங்க முடியாது.

ஒரு வருடம் கழித்து

மாட்டிய அச்சுப் படம் அவருக்கே சொந்தம், இறக்கியதும் கொண்டுபோய்க் கொடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை போன் செய்து "படம் இருக்கட்டுமா, எடுத்துடட்டுமா?" என்று கேளுங்கள். இதுவரை இரண்டு பேர் எடுக்கச் சொன்னார்கள், காரணம் கேட்காமல் எடுத்தேன். மருந்துக்கடைப் பெண்ணுக்குப் போன மாதம் பேசினேன். படம் இருக்கட்டும் என்றார். "ஆனா கீழ எழுதியிருக்கறத மாத்துங்கண்ணே. 'மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார்'னு இருக்கு. இப்ப சிதம்பரத்துல கடை என்னுது." புதிய அட்டை அடித்து, பழையதை உரித்துவிட்டு, சலூனில் அவர் படத்துக்குக் கீழே நானே ஒட்டினேன்.